கோல்ஃப் வகுப்பில் தேங்கி நிற்கும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

கோல்ஃப் கற்க வருபவர்களில் பலர் முதலில் குழுப் பயிற்சியில்தான் சேருகிறார்கள். சில வாரங்களில் பந்து எழும்பத் தொடங்குகிறது. பிறகு ஏதோ ஒரு பிழை வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. அப்போதுதான் தனிப் பயிற்சிக்குப் போகலாமா என்ற எண்ணம் எழுகிறது. எல்லாப் பிழைகளுக்கும் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆனால் சில பிழைகள் குழுவில் எத்தனை மாதம் இருந்தாலும் தீருவதில்லை. எது எந்த வகை என்று பிரித்தறிய, கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் உதவும் வகையில் இதை எழுதுகிறேன்.

நான் கையாளும் அளவுகோல் இதுதான்: பந்தை அடிக்கும் முன் அசையாமல் நிற்கும் நிலையிலேயே கண்ணுக்குத் தெரியும் பிழைகள், அதாவது கைப்பிடி, கால்களின் இடைவெளி, குறி, பந்து வைக்கும் இடம் போன்றவை, குழுவிலேயே தீர்ந்துவிடும். ஒருவருக்குத் திருத்தும்போது பக்கத்தில் நிற்பவர் தம் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார் என்பது குழுவின் பெரிய பலம். கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வீசும் ஸ்விங் ஓடும் ஒன்றிரண்டு விநாடிக்குள் தோன்றி மறையும் பிழைக்கோ ஒரே மனிதரைத் தொடர்ந்து பார்க்கும் கண் வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் ஆறு பேர் இருந்தால் ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

கீழே சொல்லும் திசைகள் வலக்கையாளர்களுக்கானவை; இடக்கையாளர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். குழுவில் இடக்கையாளர் ஒருவரே இருந்தால் அவரை வரிசையின் ஓரத்தில், மற்றவர்களுக்கு முதுகு காட்டாத பக்கமாக நிறுத்துங்கள். அவர் பயிற்றுநருக்கு நேரெதிரே நின்றால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அசைவுகளை அப்படியே பின்பற்றலாம்.

எந்த அறிகுறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

உடலைப் பார்க்கும் முன் பந்தைப் பாருங்கள். பந்து கிளப் முகத்தின், அதாவது பந்தைத் தொடும் தட்டையான பக்கத்தின், எந்த இடத்தில் பட்டது, எந்தத் திசையில் புறப்பட்டது, புறப்பட்ட பின் எந்தப் பக்கம் வளைந்தது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் திருத்தம் சொல்லத் தொடங்கினால், அது வெறும் ஊகம்.

பந்து புறப்படும் திசையை ஸ்விங்கின் பாதை தீர்மானிக்கிறது என்று வெகுகாலம் கற்பிக்கப்பட்டது. ராடார் கொண்டு பந்தின் பயணத்தை அளக்கும் கருவிகள் பரவிய பிறகு அது தவறு என்று தெளிவாகிவிட்டது. புறப்படும் திசையில் பெரும்பங்கு வகிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. அந்த முகத்துக்கும் கிளப் நகரும் பாதைக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் வளைவை உண்டாக்குகிறது. பழைய விதியை நம்பிப் பாதையை மட்டும் திருத்திக்கொண்டிருக்கும் வகுப்புகளில் பிழை தீராமல் சுற்றிச் சுற்றி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பந்து முகத்தில் பட்ட இடத்தை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு பெரிய புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடித்தால், பட்ட இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும். ஐந்து பந்துகள் போதும். மை ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே ஒரு நிலையான காரணம் இருக்கிறது. முகம் முழுக்கச் சிதறியிருந்தால் வேறெதையும் தொடாமல், பாதி ஸ்விங்கில் பந்தை நடுவில் தொடக் கற்பதே முதல் வேலை.

பந்து வலப்பக்கம் வளைந்து வளைந்து போகிறது

ஸ்லைஸ் எனப்படும் இந்த வளைவுதான் புதிதாகக் கற்பவர்களிடம் மிக அதிகமாகத் தென்படும் பிழை. பாதையோடு ஒப்பிடும்போது கிளப் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

முதலில் மைத்தடத்தைப் பாருங்கள். டிரைவர் எனப்படும் மிக நீளமான கிளப்பில், பந்து முகத்தின் நடுவை விட்டு, கிளப் தலையோடு தண்டு இணையும் கழுத்தை ஒட்டிய உட்பக்கத்தில் பட்டால், முகமும் பாதையும் ஓரளவு சரியாக இருந்தாலும்கூட, கிளப் தலை சற்றே சுழன்று பந்தை வலப்பக்கம் வளைத்துவிடும். இப்படிப்பட்டவருக்குக் கைப்பிடியை மாற்றச் சொல்வது இல்லாத நோய்க்கு மருந்து தருவதாகும். பந்திலிருந்து அவர் நிற்கும் தூரத்தையும், உடலின் எடை கால்விரல்களின் மேல் சாய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

மை நடுவில் இருந்தும் பந்து வளைகிறது என்றால் அடுத்துக் கைப்பிடிக்கு வாருங்கள். கிளப்பைப் பிடித்தபடி குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் கை மிகவும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. பந்தைத் தொடும் நேரத்தில் முகத்தை மூட அந்தக் கையால் முடியாது. கிளப் விரல்களின் அடிப்பகுதியில் குறுக்காகப் படிய வேண்டும். உள்ளங்கையில் புதைந்திருக்கக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி கையுறை. ஒரு குழுப் பயிற்சியின் மூன்றாவது வாரத்தில், எத்தனை முறை சொல்லியும் ஸ்லைஸ் மாறாத ஒருவரின் கையுறையைக் கழற்றித் தரச் சொன்னேன். விரல்களெல்லாம் புதிது போலிருந்தன. மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் சதைப்பற்றான மேட்டில் மட்டும் தோல் தேய்ந்து, உட்புறத் துணி தெரியும் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம்போல வட்டமாகக் கிழிந்திருந்தது. நான் பார்க்கும்போதெல்லாம் அவர் கைப்பிடியைச் சரியாகவே வைத்துக் காட்டியிருக்கிறார்; நான் அடுத்தவரிடம் நகர்ந்ததும் கிளப் மீண்டும் உள்ளங்கைக்குப் போய் ஒவ்வோர் அடியிலும் அங்கே உரசியிருக்கிறது. கையுறையின் அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டிய பிறகு வாயால் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. அன்றிலிருந்து குழுவில் எல்லோருடைய கையுறைகளையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கைப்பிடியும் சரியாக இருந்தால் குறியைப் பாருங்கள். பந்து வலப்பக்கம் போகிறதே என்று பயந்து பலர் தம்மை அறியாமலேயே இடப்பக்கம் திரும்பி நிற்கத் தொடங்குகிறார்கள். அதனால் ஸ்விங் இன்னும் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டும், முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு கூடும், வளைவும் கூடும். மருந்தே நோயை வளர்க்கும் நிலை இது. தரையில் ஒரு குச்சியை இலக்கை நோக்கிக் கிடத்தி, கால்விரல்களும் தோள்களும் அதற்கு இணையாக இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவை மூன்றும் சரியாகி, நிதானமாகப் பாதி ஸ்விங்கில் அடிக்கும்போது நேராகப் போகும் பந்து, முழு வேகத்தில் மட்டும் வளைகிறது என்றால் அதைத் தனிப் பயிற்சிக்கு எடுத்துச் செல்லுங்கள். கீழிறங்கும் ஸ்விங்கின் தொடக்கத்தில் தோள் முந்திக்கொள்கிறதா, மணிக்கட்டு முகத்தைத் திறக்கிறதா என்பதை வீடியோ இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வீடியோ எடுக்கும்போது கேமரா கையின் உயரத்தில், குறிக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். சற்றே சாய்ந்த கோணத்தில் எடுத்த படம் இல்லாத பிழையைக் காட்டி, இருக்கும் பிழையை மறைத்துவிடும்.

கிளப் பந்தைத் தொடும் முன்பே தரையில் மோதுகிறது. அல்லது பந்தின் உச்சந்தலையில் படுகிறது

இவை இரண்டும் எதிரெதிர்ப் பிழைகளாகத் தோன்றினாலும் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஸ்விங்கின் வட்டம் தரையைத் தொடும் மிகத் தாழ்ந்த புள்ளி, அயர்ன் எனப்படும் உலோகத் தகட்டுத் தலை கொண்ட கிளப்புகளில் பந்தைத் தாண்டி இலக்கின் பக்கமாக அமைய வேண்டும். அந்தப் புள்ளி பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால், ஒருமுறை தரையில் மோதும். மறுமுறை ஏற்கெனவே மேலேறத் தொடங்கிய கிளப் பந்தின் தலையில் உரசும். ஒரே மனிதர் அடுத்தடுத்த பந்துகளில் இரண்டையும் செய்வதன் காரணம் இதுவே.

பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையிலிருந்துதான் இது பெரும்பாலும் பிறக்கிறது. உடல் பின்காலில் சாய, மணிக்கட்டுகள் பந்தை அள்ள முயல்கின்றன. பந்தை உயர்த்துவது கிளப் முகத்தின் சாய்வு. ஆடுபவர் அதற்கு உதவ வேண்டியதில்லை. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த பந்திலேயே மீண்டும் அள்ளுவார்கள். ஆகவே தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்றைப் போட்டு, பந்தே இல்லாமல், கோட்டின் இலக்குப் பக்கத்தில் மட்டும் புல்லைத் தொடும்படி ஸ்விங் செய்யச் சொல்லுங்கள். ஆறு பேரும் ஒரே கோட்டின் மேல் வரிசையாக நின்று செய்யலாம். யாருடைய தடம் எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே படித்துக்கொள்வார்கள். குழுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் கண்டதில்லை.

ரப்பர் விரிப்பின் மேல் மட்டுமே பழகுபவர்கள் இதில் ஏமாறக்கூடும். கிளப் பின்னால் மோதினாலும் விரிப்பு வழுக்கிவிட்டுப் பந்தை ஓரளவு நன்றாகவே அனுப்பிவிடும். புல்லில் அதே அடி பாதித் தூரம்கூடப் போகாது.

முழங்கையிலோ மணிக்கட்டிலோ முதுகிலோ வலி தொடங்கியிருந்தால் இங்கே நிறுத்துங்கள். வலியோடு ஸ்விங்கைத் திருத்த முயல வேண்டாம்; மருத்துவரைப் பார்த்த பிறகு வரலாம்.

நன்றாக அடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பந்து வலப்பக்கம் கூர்மையாகத் தெறிக்கிறது

பந்து முகத்தில் படாமல் கிளப்பின் கழுத்தில் படுவதால் வரும் ஷாங்க் இது. ஒன்று வந்தால் அச்சம் வரும். அச்சம் வந்தால் அடுத்தது வரும். குழுவில் முதலில் செய்ய வேண்டியது பாதுகாப்பைப் பார்ப்பது. இந்தப் பந்து ஏறத்தாழப் பக்கவாட்டில் பாயும் என்பதால், அடிப்பவரின் வரிசையை விட்டு யாரும் ஓரடிகூட முன்னால் நிற்கக் கூடாது. எல்லோரும் நிறுத்திய பிறகே பந்து பொறுக்கப் போக வேண்டும்.

காரணம் பெரும்பாலும் ஸ்விங்கின்போது உடல் எடை குதிகாலிலிருந்து கால்விரலுக்கு நகர்வதோ, கைகள் உடலை விட்டு வெளியே தள்ளப்படுவதோதான். பந்துக்கு வெளிப்புறமாக, அதாவது ஆடுபவரிடமிருந்து அப்பால், மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறிய அட்டைப்பெட்டியை வைத்து, அதைத் தொடாமல் பந்தை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் இடுப்பளவுக்கு மேல் உயராத சிறு ஸ்விங் போதும். ஏழெட்டுப் பந்துகளில் குணம் தெரியவில்லை என்றால் அன்றைக்கு பட்டரை (பந்தைத் தரையில் உருட்டும் கிளப்பை) எடுத்துக்கொண்டு, குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டிய கிரீனுக்குப் போவதே நல்லது. ஷாங்க் அடிப்பவரை மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கும்படி விடக் கூடாது. தனியாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் இந்தப் பிழைக்கே அதை ஒதுக்குங்கள்.

கிரீனில் மூன்று, நான்கு முறை தட்ட வேண்டியிருக்கிறது

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. குழிக்குள் இரண்டு பந்துகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் புதியவர்கள் திசையையே நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அவர்களை மூன்றாவது தட்டுக்குத் தள்ளுவது பெரும்பாலும் தூரத்தைத் தவறாகக் கணிப்பதுதான். எட்டு மீட்டரிலிருந்து தட்டும் பந்து குழிக்கு அரை மீட்டர் இடமோ வலமோ போவது அரிது. இரண்டு மீட்டர் முன்பே நின்றுவிடுவது மிகச் சாதாரணம்.

குழியை மறந்துவிட்டு, கிரீனின் ஓரப் புல்லைத் தொட்டு நிற்கும்படி மூன்று, ஆறு, ஒன்பது மீட்டரிலிருந்து மாறி மாறித் தட்டச் சொல்லுங்கள். குழுவாகச் செய்தால் யாருடைய பந்து மிக அருகில் நிற்கிறது என்ற போட்டியும் சேர்ந்துகொள்ளும். ஒன்றரை மீட்டருக்குள் பந்து தவறினால் மட்டுமே பட்டர் முகத்தின் திசையை ஆராய வேண்டும்.

ஒரே அறிவுரை ஒருவருக்குப் பலிக்கிறது, இன்னொருவரைக் கெடுக்கிறது

இனி வருபவை கற்பிக்கும் முறையில் இருக்கும் பிழைகள். ஸ்விங்கில் எவ்வளவு தேடினாலும் இவை கிடைக்காது.

குழு வகுப்பொன்றில் எல்லோரையும் பார்த்து, "தலையைத் தூக்காதீர்கள்" என்று நான் சொன்னேன். முன்கூட்டியே நிமிர்ந்துவிடும் ஒருவருக்காகச் சொன்ன சொல் அது. அவருக்கு ஓரளவு பயன்பட்டது. வரிசையின் மறுகோடியில் நின்ற, நன்றாகச் சுழன்று அடித்துக்கொண்டிருந்த ஒருவர் அதையும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டு, தாடையை மார்பில் புதைத்துத் தோளைத் திருப்பவே முடியாமல் இரண்டு வாரம் திணறினார். அந்தப் பிழையை உண்டாக்கியது நான்தான். அதன் பிறகு ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன்: குழுவுக்குப் பொதுவாகச் சொல்வது கைப்பிடி, நிற்கும் நிலை, பாதுகாப்பு, ஆட்ட விதி, அன்றைய பயிற்சி முறை ஆகியவை மட்டும். ஒருவருடைய அசைவுக்கான திருத்தத்தை அவர் அருகில் சென்று, மற்றவர் காதில் விழாத குரலில் சொல்வேன்.

கற்பவரும் இதில் தம் பங்கைச் செய்யலாம். வகுப்பில் காதில் விழும் எந்தத் திருத்தத்தையும் ஏற்கும் முன், "இது எனக்குச் சொன்னதா?" என்று பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பந்தின் முன் நின்றதும் உடல் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது

இடக்கையை நேராக வை, முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு, மணிக்கட்டைப் பிடி என்று நான்கு கட்டளைகளைச் சுமந்துகொண்டு நிற்பவரால் ஸ்விங் செய்ய முடியாது. பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தில் நினைத்துத் திருத்தக்கூடியது எதுவுமில்லை.

உடலசைவுகளைக் கற்பது பற்றி ஆராயும் காப்ரியேலே வுல்ஃபும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃபில் புதியவர்கள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். கைகளின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிடக் கிளப் ஊசலாடும் விதத்தில் கவனம் வைத்தவர்கள் கூடுதல் துல்லியத்துடன் அடித்தார்கள். ஆகவே திருத்தத்தை உடலுறுப்பின் மொழியிலிருந்து வெளியுலகின் மொழிக்கு மாற்றுங்கள். "எடையை முன்காலுக்கு மாற்று" என்பதற்குப் பதிலாக, "கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லைத் தொடு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு திருத்தம் என்ற கட்டுப்பாட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தனிப் பயிற்சியில் கொடுக்கும் பணத்துக்கு நிறையச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்பிலும் இருப்பதால், அங்கேதான் இந்தக் கட்டுப்பாடு முதலில் உடைகிறது.

பயிற்றுநர் பக்கத்தில் இருந்தால் வருகிறது. அவர் போனதும் போய்விடுகிறது

ஒவ்வொரு பந்துக்கும் கருத்துச் சொல்லும் பயிற்றுநரிடம் கற்பவருக்கு இது நேரும். அவர் தம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுகிறார். தனிப் பயிற்சியில் மூன்று பந்துகள் முடியும் வரை வாய் திறக்காதீர்கள். பிறகு, பந்து எங்கே பட்டது, எப்படிப் புறப்பட்டது என்று அவரையே முதலில் சொல்ல விடுங்கள். அவர் சொல்வதும் மைத்தடமும் ஒத்துப்போகின்றனவா என்று சேர்ந்து பாருங்கள். வகுப்பு முடியும்போது அன்றைய திருத்தத்தை அவர் தம் சொந்தச் சொற்களில் ஒரே வரியாக எழுதட்டும். அந்த வரி பயிற்றுநர் சொன்னதிலிருந்து வேறுபட்டிருந்தால், பிழை எங்கே புகுந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நேராகப் போகும் பந்து மைதானத்தில் போவதில்லை

இதை மனத்தளர்ச்சி என்றோ பதற்றம் என்றோ உடனே முடிவு கட்ட வேண்டாம். ரேஞ்சில் ஒரே கிளப்பை எடுத்து, ஒரே இலக்கை நோக்கி, சமதளத்தில் நாற்பது பந்துகளை அடுத்தடுத்து அடிக்கிறோம். மைதானத்தில் எந்த இரண்டு அடிகளும் ஒன்றுபோல் வருவதில்லை. பையில் விதி அனுமதிக்கும் 14 கிளப்புகளில் எது என்ற தேர்விலிருந்தே எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. ஆய்வாளர்கள் ஷேயும் மோர்கனும் 1979-இல் காட்டியதுபோல, அசைவுகளைக் கலந்து கலந்து பழகுபவர்கள் பழகும் நேரத்தில் தடுமாறினாலும், பின்னர் சோதிக்கும்போது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். புதிய அசைவைக் கற்கும் முதல் இரண்டொரு வகுப்புகளுக்கு ஒரே கிளப் சரி. அதன் பின் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் போய் நின்று குறி பார்த்துவிட்டு வாருங்கள். நாற்பது பந்துகள் அடிக்கும் நேரத்தில் பதினைந்துதான் அடிக்க முடியும். அது போதும்.

மைதானத்தில் ஆடும் முதல் சில நாட்களில் அடிகளின் மொத்த எண்ணிக்கையை எழுத வேண்டாம். அட்டையில் நான்கு கட்டங்கள் போட்டு, வலப்பக்க வளைவு, தரையில் மோதியது, தலையில் பட்டது, கிரீனில் மூன்று முறையோ அதற்கு மேலோ தட்டியது என்று பெயரிட்டு, நேரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த அட்டையை அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள். எந்தக் கட்டத்தில் கோடுகள் அதிகமோ அங்கிருந்து அன்றைய பயிற்சியைத் தொடங்கலாம்.